இரண்டாவது கேள்விக்கு ஒரு கை

கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் பேஷண்ட். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனி அது. பொருட்காட்சிகளுக்குக் கட்டில்களைப் பிரித்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அங்கே போய் அவற்றைப் பூட்டி நிறுத்துவதும், நிறுத்திய பிறகு அதில் ஏறிப் படுப்பதும் அவர் வேலை. சேல்ஸ் மேனேஜர் ரிமோட்டை அழுத்துவார். தலைப்பக்கம் உயரும், கால்பக்கம் தாழும், முழங்கால் தானாக மடியும். வாங்க வந்தவர்கள் குனிந்து அவர் முதுகுக்கு அடியில் கையை விட்டு மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள். சிலர் அவரை இடித்துக்கொண்டே விலை பேசுவார்கள். முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

பார்க்கும்படியும் எதுவும் இல்லை. நடுத்தர உயரம், நடுத்தர எடை. அதனால்தான் அந்த வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதுவுமே அவரிடம் அளவுக்கு மேல் இருந்ததில்லை, ஆசையைத் தவிர.

அவர் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்த கதை சுருக்கமானது. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு இளைஞர்கள் ஒருநாள் அவருடைய மைத்துனன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மைத்துனன் இயற்பியல் வாத்தியார். நிறையக் கேள்வி கேட்டுவிட்டுச் சேர்ந்தான். பிறகு அவன் அக்கா சேர்ந்தாள், அதாவது பேஷண்டின் மனைவி. அவள் ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டாள். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் வேலை. அங்கே இரவு ஷிப்டில்கூட, சபை விலக்கிய காப்பி, டீ இரண்டையும் நிறுத்திவிட்டாள். வீட்டிலும் நின்றது. இனிமேல் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று ஒரு வருஷம் கழித்து பேஷண்டும் சேர்ந்தார்.

அவர்கள் சபை ஒரு பர்னிச்சர் கோடவுனுக்கு மேல் வாடகை மாடியில் கூடியது. முப்பது பேர் வந்தால் கூட்டம் என்று அர்த்தம். அந்தச் சபையில் சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது. தலைவர் முதற்கொண்டு எல்லாரும் வேறு வேலை செய்து பிழைக்கிறவர்கள்தான். ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பார்கள். கொடுக்கும்போது அந்த ஆளை எழுந்து நிற்கச் சொல்லி, ஏற்பவர்கள் வலது கையைத் தூக்குங்கள் என்பார்கள். எல்லாக் கையும் உயரும். பிறகு இரண்டாவது கேள்வி. எதிர்ப்பவர்கள் அதேபோல் கையைத் தூக்கலாம். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல் நிற்பார்கள். அப்புறம் அடுத்த விஷயம். இரண்டாவது கேள்விக்கு ஒரு கை உயர்ந்து அவர் மனைவி பார்த்ததேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடி, தனக்கு ஏதாவது தெரியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அதைக் கேள்வி என்றே நம்பிய ஒரே ஆள் அநேகமாக அவள்தான்.

பேஷண்டுக்குக் கிடைத்த பொறுப்பு நாற்காலி போடுவது. மடக்கு நாற்காலிகளை விரிக்க வேண்டும், முடிந்ததும் மடக்கிச் சாத்த வேண்டும். மைத்துனனைக் கிளைத் தலைவராக்கியபோது அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துதான் இவரும் கையைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"உன் தம்பி சாப்பிட்ட தட்டை நான் கழுவியிருக்கேன். இப்ப அவன் மேல உக்காருவான், நான் கீழ உக்காந்து கையைத் தூக்கணும்."

"தூக்கினா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

தட்டு கழுவியதாகச் சொன்னதும் பொய். அந்த வீட்டில் அவர் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைத்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டில் ஒரே ஊரில் பெரிய பொருட்காட்சி நடக்கும். சனிக்கிழமைக்குள் கட்டில்களைப் பூட்டிவிட வேண்டும். திங்கட்கிழமை திறப்பு. நடுவில் ஒரு ஞாயிறு சும்மா கிடக்கும். முதல் வருஷம் அந்த ஞாயிற்றில் ஹோட்டல் அறையில் டிவி வேலை செய்யாததால், சபை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனார். போன இடத்தில் வாசலிலேயே கைகுலுக்கினார்கள். அந்தச் சபைக்காரர்கள் உலகத்தில் எங்கே சந்தித்துக்கொண்டாலும் பெயரைக் கேட்ட கையோடு கேட்கிற அடுத்த கேள்வி, உங்கள் ஊரில் உங்களுக்கு என்ன பொறுப்பு என்பது. அவர் அந்த நாட்டு மொழியைப் பொருட்காட்சி நடைபாதைகளில் பொறுக்கி எடுத்து அரைகுறையாக வைத்திருந்தார். நாற்காலி என்ற வார்த்தை அவருக்கு நன்றாகவே தெரியும். கிளைத் தலைவர் என்று சொன்னார்.

நாக்கு குழறவில்லை. உண்மை சொல்லும்போதுதான் அவருக்கு எந்த மொழியும் போதாமல் போகும்.

உடனே பிஷப்பிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பிஷப் என்றால் அந்தப் பெரிய சபையின் தலைவர், அங்கி போட்டவர் இல்லை. வாரநாட்களில் டயர் கடை நடத்துகிறவர். நகக்கண்ணில் கறுப்பு போகாத பெரிய கைகள், கோட்டு மட்டும் கச்சிதம். வெளியூர்த் தலைவரை மேடையில் உட்கார வைப்பது விதியில் இல்லை, மரியாதைக்கு வைத்தார். மெத்தை தைத்த நாற்காலி. வாரம் பூராவும் படுத்துக் காட்டிய முதுகுக்கு அதில் சாய்ந்து உட்காரத் தனி சுகமாக இருந்தது. எதிரில் இருநூறு முகம். எல்லா முகமும் அவர் முகத்தைப் பார்த்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போனார். போகும் முன்பு மைத்துனன் வீட்டுக்கு ஒருநாள் போய், இந்த வருஷம் சபையில் என்னென்ன செய்தாய் என்று அக்கறையாக விசாரிப்பார். மாமாவுக்கு ஈடுபாடு வந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டு ஒன்று விடாமல் சொல்வான். ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்குத் துணை இருந்தது, பேசாமல் இருந்த இரண்டு குடும்பத்தைப் பேச வைத்தது, கூரை ஒழுகியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியது. எல்லாவற்றையும் இவர் அங்கே போய்த் தன் பேரில் சொல்வார். கூரை ஏறியதைச் சொல்லும்போது முழங்காலைத் தடவிக்கொள்வார்.

இந்த வருஷம் மகள் குறுக்கே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து முதல் காரியமாக, அப்பாவோடு அம்மாவும் போய்வரட்டும் என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். பேஷண்ட் சொல்லாத காரணம் இல்லை. குளிர் தாங்காது என்றார், சாப்பாடு ஒத்துக்காது என்றார், ஹோட்டல் அறையில் ஒரே கட்டில் என்றார். கட்டிலுக்கா உங்களுக்குப் பஞ்சம் என்று அவள் கேட்டாள். ஊர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசை இல்லை. அவர் வாய் ஓயாமல் சொல்கிற அந்த ஆலயத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முனகினார். பொருட்காட்சியில் பார்த்திருக்கிறவர்கள் பாராட்டியிருப்பார்கள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போர்வையை உருவினாள்.

"படுக்கிறதுதான் உங்களுக்கு வேலை. நாளைக்கு லீவு. காலைல எந்திரிங்க."

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாச நாள். இரண்டு வேளை எதுவும் சாப்பிடாமல் இருந்து, கூட்டத்தில் விருப்பப்பட்டவர்கள் எழுந்து தங்கள் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்வார்கள். அவள் முந்தின நாள் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் பேஷண்ட் கீழே இறங்கிப்போய் இரண்டு அவித்த முட்டையும் ஒரு காப்பியும் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்து, மேலே வந்து டை கட்டிக்கொண்டார்.

டயர் கடை பிஷப் வேனோடு வாசலில் நின்றிருந்தார். இறங்கிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, பிரெசிடெண்ட் என்றார். அவள் கையையும் பிடித்து ஏதோ சொன்னார். அதிலும் அந்த வார்த்தை வந்தது. அந்த நாட்டு மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அந்தச் சபையில் எல்லா மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரில் அவள் தம்பியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேனில் பின்சீட்டில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"உங்களை என்னன்னு கூப்பிட்டார்?"

"இங்க வெளியூர்லேர்ந்து வர்ற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு மரியாதை."

"எல்லாரையுமா?"

"ஆமா. நீ ஜன்னல் வழியா ஊரைப் பாரு."

ஆலயம் அவள் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. கோபுரம் மாதிரி ஒன்று, உள்ளே சிலுவை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கார்ப்பெட் போட்ட நீண்ட நடை, இரண்டு பக்கமும் வகுப்பறைகள், குழந்தைப் பவுடர் வாசனை. பெரிய கூடத்தின் பின்பக்கம் மடக்குத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பந்து விளையாடுகிற இடம். கூட்டம் அதிகமானால் தடுப்பைத் திறந்து அங்கேயும் நாற்காலி போடுவார்கள். அவளைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் எடுத்துக் கொடுத்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் மெட்டு எல்லாம் அவளுக்குத் தெரிந்த மெட்டு. வாய்க்குள் தமிழில் பாடிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. முன்வரிசையிலிருந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் வைத்தாள். அவர் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேடையில் இருந்தார்.

அவர் கீழே பார்க்கவில்லை. தலைமேல் மின்விசிறி இருப்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஷப் எழுந்து வணக்கம் சொன்னார். கொஞ்சம் பேசினார். பிறகு பேஷண்டின் பக்கம் கையை நீட்டி, அவர் பேரைச் சொல்லி, ஊர்ப் பேரைச் சொல்லி, அந்த வார்த்தையையும் சொன்னார். பேஷண்ட் எழுந்து நின்று தலையைக் குனிந்தார். உட்கார்ந்தார். பிஷப் தாளைப் பார்த்து மேலும் ஏதோ படித்தார். எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள்.

அவளுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். பேர் படித்தார்கள், அவர் எழுந்து நின்றார், கை தூக்குகிறார்கள். இவர்கள் ஏதோ பொறுப்புக்கு இவரை நிறுத்துகிறார்கள், தலைவர் என்று நம்பி நிறுத்துகிறார்கள். அவள் கை மடியிலேயே இருந்தது. பிஷப்பின் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது கேள்வி. மொழி தேவையில்லை. அந்த இறக்கத்தை அவள் எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறாள். தனக்கு ஏதாவது தெரியுமா என்று கண்ணை மூடிக் கேட்டாள். தெரியும்.

கையைத் தூக்கினாள்.

பிஷப் பார்த்தார், சிரித்தார். மொழி தெரியாத அம்மா, முதல் கேள்விக்குத் தாமதமாகத் தூக்குகிறாள் என்று நினைத்துத் தலையாட்டி, நன்றி என்றார். அவள் கையை இறக்கவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிஷப்பின் சிரிப்பு மெல்ல மறைந்தது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். தாளை மடித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் கை தூக்கிய சகோதரியைத் தன் அறையில் பார்ப்பதாகச் சொன்னார். சபையின் வழக்கம் அது. எதிர்ப்பவர் காரணத்தைத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

மேடையில் இருந்தவருக்கு எல்லாம் தெரிந்தது. அவள் ஏன் தூக்கினாள் என்றும் தெரிந்தது, யாருக்கு எதிராகத் தூக்கிவிட்டாள் என்றும் தெரிந்தது. பிஷப் படித்தது இவரைப் பற்றி இல்லை. இவரை வரவேற்றதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அதற்கடுத்துப் படித்தது பாட்டு நடத்துகிற பொறுப்புக்கு ஒரு பெண்ணின் பேர். பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறவள். பல வருஷம் சபைப்பக்கமே வராமல் இருந்துவிட்டு, இப்போதுதான் திரும்பி வந்தவள். அவள் எழுந்து நின்றதெல்லாம் இவர் மனைவிக்குச் சரியாகப் பின்னால், நான்காவது பெஞ்சில்.

பேஷண்டுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. கை வேறு ஆள்மேல் விழுந்துவிட்டது.

திருவிருந்து ரொட்டியும் தண்ணீரும் சுற்றி வந்தன. சாட்சி நேரம் ஆரம்பித்தது. வருஷா வருஷம் முதலில் எழுகிறவர் அவர்தான். இன்று எழாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டார். எழுந்தார். உபவாசம் மனிதனைச் சுத்தப்படுத்துகிறது என்று முட்டை வயிற்றோடு சொன்னார். ஊரில் கூரை ஒழுகியதைச் சொன்னார். முழங்காலைத் தடவினார். இது உண்மை என்று எனக்குத் தெரியும் என்று முடித்தார். எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள். கீழே அவள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிஷப்பின் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. கதவில் சின்னதாகக் கண்ணாடி. பிஷப் மெதுவாகக் கேட்டார். அந்தச் சகோதரியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா, எதுவாக இருந்தாலும் பயப்படாமல் சொல்லலாம். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த பேஷண்ட் மொழிபெயர்க்கவில்லை.

"நீ யாருக்கு எதிரா கையைத் தூக்கினே, தெரியுமா?"

"உங்களுக்கு."

"எனக்கில்ல. அந்தப் பொண்ணுக்கு. பாட்டுச் சொல்லிக்குடுக்கிற பொறுப்பு அதுக்கு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கண்ணாடி வழியாகக் காட்டினார். நடையில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. இரண்டு கிழவிகள் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிஷப் பொறுமையாக டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"தெரியாம தூக்கிட்டாள்னு சொல்லிடறேன்" என்றார் பேஷண்ட். "பாஷை புரியலைன்னு. முடிஞ்சுது."

"தெரிஞ்சுதான் தூக்கினேன். ஆள்தான் மாறிப்போச்சு. அதைச் சொல்லுங்க."

"உனக்குப் பைத்தியமா? இத்தனை வருஷமா இங்க எனக்கு ஒரு பேர் இருக்கு."

"அது என் தம்பி பேரு."

பிஷப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்ப்பு ரொம்ப நீளமாகப் போகிறது என்று அவருக்குப் பட்டிருக்கலாம். பேஷண்ட் அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சலும் மிரட்டலும் கலந்து, ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், இங்கே மானத்தை வாங்காதே, கட்டிக்கொண்டவன் தலையைக் குனிய வைத்தால் உனக்கென்ன லாபம் என்றெல்லாம் சொன்னார். ஆறு நாள் படுத்துக் கிடக்கிறேன், ஒரு நாள் உட்காரக் கூடாதா என்றுகூடக் கேட்டார். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. ஆனால் அதையும் அவர் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னார்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு என்னால அழுதுட்டு நிக்குது. இப்ப நீங்க சொல்லணும். இல்லேன்னா தம்பியைக் கூப்பிடறேன். அவனுக்கு இங்கிலீஷ் வரும், இவருக்கும் வரும். ரெண்டு பேரும் பேசிக்கட்டும். சொன்னீங்கன்னா இந்தப் பேச்சை நான் வாழ்நாள்ல திருப்பி எடுக்க மாட்டேன். சொல்லலேன்னா, ஊருக்குப் போனதும் நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். உங்ககூட ஒரு கூரைக்குக் கீழ இருந்துட்டு, ஞாயித்துக்கிழமை ரொட்டியை வாயில வைக்க என்னால முடியாது."

அவள் கத்தவில்லை. டெலிபோன் போர்டில் எண் சொல்வதுபோலச் சொன்னாள். மைத்துனன் எண்ணின்மேல் அவள் கட்டைவிரல் இருந்தது. பேஷண்ட் அந்த விரலைப் பார்த்தார். அவருக்கு இரண்டும் வேண்டும். வீடும் வேண்டும், மேடையும் வேண்டும். ஒன்றை விட்டுக்கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிஷப்பின் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுக்கப் பேச ஆரம்பித்தார்.

அவர் பிஷப்பிடம் சொன்னது இது. பிஷப் அவர்களே, என் மனைவி கை தூக்கியது அந்தச் சகோதரிக்கு எதிராக இல்லை, எனக்கு எதிராக. நான் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன மாதம் என்னைத் தலைவர் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். இப்போது தலைவர் என் மைத்துனன். நானே வளர்த்த பையன். இன்று காலையில் நீங்கள் பழைய வழக்கத்தில் கூப்பிட்டபோது திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் பழைய பேரில் இருந்துவிட்டுப் போகலாம் என்ற பலவீனம். அதைக்கூட இவளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு நேர்மையானவள்.

சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. விடுவிக்கப்பட்ட தலைவரின் துக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வளர்த்த பையன் என்ற இடத்தில் நிறுத்தி ஒரு டிஷ்யூவை உருவினார்.

அவளுக்கு அந்தப் பேச்சு எதுவும் புரியவில்லை. தம்பியின் பேர் காதில் விழுந்தது, பிரெசிடெண்ட் என்ற வார்த்தை விழுந்தது. கண்ணீரைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் தன் தப்பைச் சொல்லி அழுது அவள் பார்த்ததில்லை. போனைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

பிஷப் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பெரிய கைகளால் பேஷண்டைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணும் ஈரம். பொறுப்பிலிருந்து இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்றார். அடுத்த வருஷம் அவரும் இறங்க வேண்டியவர். பிறகு நடைக்குப் போய் அந்தப் பார்லர் பெண்ணைக் கூட்டி வந்து, விஷயத்தை அவளிடம் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வாய்விட்டுச் சிரித்து, மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மனைவி அவள் தலையைத் தடவி, மன்னிச்சுக்கம்மா என்று தமிழிலேயே சொன்னாள். அவளும் தன் மொழியில் ஏதோ சொன்னாள். அந்த அறையில் பொய் இல்லாமல் நடந்த பேச்சு அது ஒன்றுதான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஹோட்டல் வாசலில் வேனை நிறுத்திவிட்டு பிஷப் இறங்கினார். மாலையில் உபவாசம் முடிக்க வீட்டுக்கு வர வேண்டும், தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். பேஷண்டின் தோளில் கை போட்டு, ஒரு தடவை தலைவராக இருந்தவர் எங்களுக்கு என்றைக்கும் தலைவர்தான் என்றார். அந்தச் சபையில் அது நிஜமான வழக்கம். இறங்கின பிஷப்பையும் சாகும்வரை பிஷப் என்றுதான் கூப்பிடுவார்கள். போகும்போது கையசைத்து, மறுபடி பிரெசிடெண்ட் என்று கத்தினார்.

"இன்னும் அப்படித்தான கூப்பிடறார்?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்றார். மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷங்க என்றாள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன் என்றாள். அவர் சரி சரி நட என்றார்.

அறைக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மாமா உன் பேரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் பிஷப் முன்னால் ஒத்துக்கொண்டார், ஒரு பிள்ளை மாதிரி அழுதார் என்றாள். அந்தப் பக்கம் தம்பி முழுவதும் கேட்டான். பிறகு, மாமாகிட்ட குடு என்றான்.

"மாமா, என்னால இதைச் செஞ்சிருக்க முடியாது" என்றான். "பேரு போனா போகட்டும். அதை ஒத்துக்கிற தைரியம் இருக்கே. நீங்க வந்ததும் நம்ம சபையில எழுந்து இதைச் சொல்லணும். எல்லாரும் கேக்கணும்."

பேஷண்ட் உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்கிறார் என்று மைத்துனன் நினைத்தான். யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய் மேடையில் நிற்க வேண்டும், மைக் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைப்பது.

"உங்க அக்காவுக்காகச் சொல்றேன்" என்றார்.